காரைக்குடி இண்டர்வியூ வகுப்பு: கேமராவுக்குக் காசு கொடுக்கலாம், கையேட்டுக்கு வேண்டாம்

போர்டில் 'கவுன்சலிங் & இண்டர்வியூ பயிற்சி' என்று சேர்த்தே எழுதிவிட்டார்கள். குழப்பம் அங்கேயே ஆரம்பம். பொறியியல் கவுன்சலிங்கில் யாரும் கேள்வி கேட்பதில்லை. கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப்தான் அங்கே பேசும். நீட் வழியாக எம்பிபிஎஸ் சேர்வதற்கும் இண்டர்வியூ கிடையாது. அசிம் பிரேம்ஜி, அசோகா போன்ற பல்கலைக்கழகங்களுக்கோ ஐஐஎம்களின் எம்பிஏவுக்கோ போகிறவர்களுக்கு மட்டுமே இந்த வகுப்பு. மற்றவர்கள் 3,500 ரூபாயை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

மொத்தம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். முதல் ஞாயிறு முழுக்கக் கையேடுதான்: 60 கேள்வி, 60 பதில், எல்லாம் மனப்பாடம். 'ஏன் இந்தப் படிப்பு?' என்றால் 'சின்ன வயசிலிருந்தே ஆசை' என்று ஒரு பத்தி. பேட்சில் எட்டுப் பேர், எட்டுப் பேர் வாயிலும் அதே பத்தி. எதிரே உட்கார்ந்திருப்பவர் 'சரி, அதுக்காக இதுவரைக்கும் என்ன செஞ்சே?' என்று கேட்டால் போதும், மனப்பாடம் அத்தோடு நின்றுவிடும்.

இரண்டாம் ஞாயிறுதான் காசுக்குத் தகுந்த வேலை. மூன்று பேர் கொண்ட குழு, ஆளுக்கு 20 நிமிடம் மாதிரி இண்டர்வியூ, முழுவதும் வீடியோ பதிவு. பிறகு அதை நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டுகிறார்கள். 'ஆக்சுவலி' எத்தனை தடவை வந்தது, கேள்வி முடியும் முன்பே எங்கே பதில் ஆரம்பித்தது, எந்தப் பதில் மூன்று நிமிடம் இழுத்தது என்று தானே பார்க்கிற பிள்ளைக்கு வேறு அறிவுரை தேவைப்படாது. ஒரு பதிலுக்கு ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை என்கிறார்கள். சரியான அளவு.

விண்ணப்பத்தில் எழுதியதைத் தோண்டுவதில் இந்தக் குழு கெட்டிக்காரக் குழு. 'வீட்டில் ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறை' என்று எழுதினால் விடமாட்டார்கள். சூளையில் சுடாத கல் எப்படி இறுகுகிறது? வார்த்த பிறகு ஏன் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார்கள்? சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது என்று சொல்லத் தெரிந்தால் அதுவே வேதியியல் பதில். மேல்பரப்புக்கு வழவழப்பு எங்கிருந்து வந்தது என்றால், கண்ணாடித் தகட்டின் மேல் வார்ப்பதால் என்று வர வேண்டும். ஊர்ப் பெருமைக்கும் இதே கதி. சிக்ரி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார் என்பதோடு நிறுத்தினால், 'அங்கே என்ன ஆராய்ச்சி நடக்குது?' என்பது அடுத்த கேள்வி. இரும்பு துருப்பிடிப்பது, பேட்டரி சார்ஜ் ஆவது இரண்டையும் நாலு வரியில் விளக்கத் தெரியாமல் அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. தெரியாத இடத்தில் 'தெரியாது சார்' என்று சொல்லவும் பழக்குகிறார்கள். கையேட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஆன்லைன் இண்டர்வியூ பற்றிய பகுதி அரைகுறை. வெளிச்சம் முன்னால் இருக்க வேண்டும், கேமரா கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதோடு முடித்துவிட்டார்கள். நம் செட்டிநாட்டு வீடுகளுக்கு இது போதாது. பட்டாலை என்கிற பெரிய கூடத்தில் உட்கார்ந்தால் உயர்ந்த கூரையும் கல் தரையும் குரலை எதிரொலிக்க வைக்கும். முற்றத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கறுத்துவிடும். மெத்தை, துணி அலமாரி உள்ள சின்ன அறைதான் நல்லது, தரையில் ஒரு ஜமுக்காளத்தையும் விரித்துவிடுங்கள். கரண்ட் போனால் வைஃபை பெட்டியும் அணைந்துவிடும் என்பதால் வேறு கம்பெனி சிம்மில் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

சான்றிதழ் சரிபார்ப்பைப் பத்தே நிமிடத்தில் முடித்தார்கள். நகரத்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கு விலாசமே, அதாவது இனிஷியலே, மூன்று நான்கு எழுத்து. மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருந்தால் கேள்வி வரும். விண்ணப்பத்தில் எந்தப் பெயரோ அதே பெயர் எல்லாத் தாளிலும் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ஒரிஜினலோடு இரண்டு செட் நகலும் வேண்டும். சென்னையில் காலை இண்டர்வியூ என்றால் பல்லவன் எக்ஸ்பிரஸை நம்ப வேண்டாம். விடியற்காலை கிளம்பினாலும் எழும்பூர் போய்ச் சேர மதியமாகிவிடும், முதல் நாள் இரவே கிளம்பிவிட வேண்டும்.

எம்பிஏ போகிறவர்களுக்கு ஒரு குறை. இண்டர்வியூவோடு எழுத்துத் தேர்வும் வைக்கும் ஐஐஎம்கள் உண்டு, அதற்கு இங்கே பயிற்சியே கிடையாது. 'அட்வான்ஸ்டு' என்று இன்னொரு 4,000 கேட்டாலும் அதே கையேட்டின் இரண்டாம் பாகம்தான் கைக்கு வரும்.

சேர்ந்தால் வீடியோவைப் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள், கேட்காதவர்களுக்குத் தருவதில்லை. இரண்டாம் ஞாயிறு காலை நேரத்தையே பிடியுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தோண்டித் தோண்டிக் கேட்கும் அந்த மூன்றாவது ஆள் கிளம்பிவிடுகிறார்.