என் பேஸ் அம்ப் பெட்டியும் ஒரு துண்டுப் பனஞ்சலாகையும்

போன கிழமை என் பேஸ் கிற்றார் அம்பின் (ஒலியைப் பெருக்குகிற கருவி) முகப்புத் தகடு வெல்டிங் கடை வைஸில் இறுகிக் கிடந்த நேரம் பார்த்துத்தான் தம்பியின் வாட்ஸ்அப் வந்தது. கோண்டாவில் பக்கம் ஒரு இசைக்குழுவில் புதிதாக பேஸ் வாசிக்கிறவன். "அண்ணை, நானும் றாக் பெட்டி ஒண்டு எடுக்கப்போறன். உங்கட பெட்டி எப்பிடி? ஆறு வருசமா வச்சிருக்கிறியள்தானே."

அப்போதே பதில் போட்டிருந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது. ஒரு கிழமை ஆறவிட்டு எழுதுகிறேன். முழுதாக ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

றாக் பெட்டி என்றால் அம்பை உள்ளே திருகாணியால் பூட்டிக் கொண்டுபோகிற பெட்டி. என்னுடையது வார்த்த பிளாஸ்ரிக், 4யூ உயரம் (ஒரு யூ என்பது ஒன்றே முக்கால் அங்குலம்), முன்னும் பின்னும் கழற்றுகிற மூடி. 2019 இல் கொழும்பில் வாங்கினேன். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஓடியதற்கு முந்திய விலை. இன்று அதே பெட்டிக்குச் சொல்லும் விலையைக் கேட்டால் பக்கத்தில் கதிரை இருப்பது நல்லது. அம்ப் பழைய மாதிரி: 2யூ, உள்ளே இரும்பு டிரான்ஸ்போமர், வீட்டுத் தராசில் 13 கிலோ. இப்போது வருகிற கிளாஸ் டி அம்புகள் இரண்டு மூன்று கிலோவில் தோள்பைக்குள் போய்விடும். அவை வைத்திருப்பவர்கள் இதைப் பொழுதுபோக்காக வாசிக்கலாம். 36 கிலோ ஆம்பெக் எஸ்விடி அம்ப் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அவர்களுக்கு வேண்டியது இரண்டு ஆட்கள். என்னைப் போல நடுவில் மாட்டியவர்களுக்குத்தான் இந்தக் கதை.

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஆனி மாதம் ஒரு திருவிழா நிகழ்ச்சிக்கு நயினாதீவு போனோம். குறிகட்டுவான் துறையில் சாமான்களை ஏற்றும்போதே சோளகக் காற்று வேட்டியை உரிகிற மாதிரி அடித்தது. படகில் உள்ளே இடமில்லை என்று பெட்டியை முன் அணியத்தில் வைத்துவிட்டார்கள். பாதி வழியில் ஒரு அலை அப்படியே எழும்பிப் பெட்டிக்கு மேலால் போனது. நான் மனதுக்குள் அம்புக்கு எட்டுச் செலவு செய்துவிட்டேன். கரையில் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு துளி இல்லை. மூடி விளிம்பில் ஓடுகிற கறுப்பு ரப்பர் நாடாவின் வெளிப்பக்கம் உப்புத் தண்ணீர், உட்பக்கம் நான் காலையில் துடைக்காமல் விட்ட தூசி அப்படியே காய்ந்தபடி. அன்று யாராவது கேட்டிருந்தால் பெட்டிக்குப் பத்துக்குப் பத்துப் போட்டிருப்பேன்.

சரி, இனி மற்றது.

சென்ற வருஷம் ஒரு நிகழ்ச்சியில் ஈ தந்தியின் மூன்றாவது பிரெட்டில் ஜி சுரம் வாசிக்கும்போது மட்டும் ஒரு இரைச்சல் வந்தது. வண்டு ஒன்று தகரப் பேணிக்குள் அகப்பட்ட மாதிரி. கீழே ஈ சுத்தம், மேலே ஏ சுத்தம். 49 ஹெர்ட்ஸில் மட்டும் அந்த வண்டு. ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்தேன். கபினெற்றைக் கழற்றி, வயரை மாற்றி, கிற்றாரை மாற்றி, ஒரு மாதம் வீணாக்கினேன். குழுவில் கீபோட் வாசிக்கிறவர் "உமக்கு வயசு போகுது" என்று முடித்துவிட்டார். கடைசியில் ஒரு ஒத்திகையின்போது ஜியைப் பிடித்தபடி தற்செயலாகப் பெட்டியில் சாய்ந்து அம்பின் இடது காதில், அதாவது பெட்டியோடு திருகாணி பூட்டுகிற முகப்புத் தகட்டின் ஓரத்தில், விரலை வைத்தேன். வண்டு செத்தது. விரலை எடுத்தேன், திரும்பவும் உயிர் வந்தது. டொர்ச் அடித்துப் பார்த்தால் கீழ்த் திருகாணி ஓட்டையிலிருந்து தகட்டின் விளிம்பு வரைக்கும் தலைமயிர் மாதிரி ஒரு வெடிப்பு.

காரணம் விளங்க அரை நிமிடம் போதும். றாக் பெட்டியில் அம்பைப் பிடித்திருப்பது முன்பக்கத்து நான்கு திருகாணிகள் மட்டும். டிரான்ஸ்போமரோ பின்னுக்கு இருக்கிறது. அத்தனை பாரமும் பின்பக்கம் அந்தரத்தில் தொங்குகிறது. ஒரு வாளி தண்ணீரைக் கையை நேரே நீட்டிப் பிடித்துப் பாருங்கள், தோள் சொல்லும். அதோடு ஊர்க் கோவில் நிகழ்ச்சி என்றால் பாதி நேரம் நமக்கு வாகனம் லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) இழுக்கிற பெட்டி. ஸ்பிரிங் என்ற சாமானே இல்லாத வண்டி. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அம்பின் வால் ஒருமுறை கீழே குனிந்து எழும்பும், காது ஒருமுறை வளையும். ஐந்து வருஷம் வளைந்த தகரம் கிழியாமல் என்ன செய்யும்?

என் கோபம் இதுதான். வாங்கும்போது கடைக்காரர் பெட்டிக்கு மேல் ஏறி நின்று காட்டினார். நானும் வாயைப் பிளந்து பார்த்தேன். வெளியிலிருந்து என்ன விழுந்தாலும் தாங்குமா என்று மட்டும் இரண்டு பேரும் யோசித்தோம். பின்பக்கத்துக்கும் ஒரு சோடி றெயில் (திருகாணி பூட்டுகிற சட்டம்) இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, இல்லை என்று அவர் சொல்லவுமில்லை. பாரமான சாமான் வைக்கிற பெட்டியை ஒரு முனையில் மட்டும் பிடிக்கிற மாதிரி செய்து, அதைப் 'பாதுகாப்பு' என்று விற்கிறவர்களின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். உள்ளே இன்னொரு சட்டம் ரப்பரில் மிதக்கிற பெட்டிகளும் உண்டு. விலையும் பாரமும் அதற்கேற்ற மாதிரி.

என் பிழையும் உண்டு, ஒளிக்கவில்லை. சூடு மேலே போகட்டும் என்று அம்பை மேல் தட்டில் பூட்டி, கீழே 2யூ இடத்தை வயர், பெடல் போட வெறுமனே விட்டிருந்தேன். பாரமான சாமான் எப்போதும் அடியில்தான் இருக்கவேண்டும். இன்னொன்று திருகாணி. பெட்டியோடு வந்தவற்றில் இரண்டைத் தொலைத்துவிட்டு ஸ்ரான்லி வீதியில் ஒரு கடையில் எம்5 என்கிற மெற்றிக் அளவு வாங்கிப் போட்டேன். இந்தப் பெட்டியின் புரி 10-32 என்கிற அமெரிக்க அளவு. இரண்டின் புரி இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் எம்5 கொஞ்சம் தடிப்பு. இரண்டு சுற்று சுகமாகப் போகும், பிறகு இறுகும். இறுகியதை நல்ல பிடிப்பு என்று நினைத்து இன்னும் முறுக்கினால் றெயிலின் புரி போய்விடும். எனக்கு ஒன்று போயே போய்விட்டது. வெடித்த காதின் கீழ் ஓட்டைதான் அது. ஆகவே அந்தக் காதை உண்மையில் ஒரு திருகாணிதான் பிடித்திருந்தது.

வெல்டிங் கடையில் காதை நிமிர்த்தி உட்பக்கம் சின்னத் தகடு வைத்து ஒட்டித் தந்தார்கள். வேலை சுத்தம். ஆனால் அதை அப்படியே திரும்பப் பூட்டினால் அடுத்த வருஷம் மற்றக் காது. எங்கள் ஒழுங்கையில் தச்சுவேலை செய்கிற ஐயாவிடம் பெட்டியைக் கொண்டுபோனேன். பின்மூடியைக் கழற்றி உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "தம்பி, இது முன்னுக்குப் பல்லால கடிச்சுக்கொண்டு நிக்குதே" என்றார். ஆறு வருஷத்தில் இந்தப் பெட்டியைப் பற்றி நான் கேட்ட சரியான விமர்சனம் அது ஒன்றுதான்.

அம்பைக் கீழ்த் தட்டுக்கு இறக்கினோம். அதன் அடிக்கும் பெட்டியின் தரைக்கும் இடையில் ஒரு விரல் தடிப்பு இடைவெளி. பழைய வீடு ஒன்றின் கூரை பிரித்தபோது எடுத்துவைத்திருந்த பனஞ்சலாகையில் ஒரு துண்டை அறுத்து, அந்த இடைவெளிக்கு ஏற்றமாதிரிச் சீவி, பின்பக்கத்துக்குக் குறுக்கே வைத்தார். மேலே பாட்டாச் செருப்பின் அடி ரப்பர் ஒரு பட்டை. சலாகை அசையாமல் பெட்டியின் வெளியிலிருந்து இரண்டு திருகாணி. அந்த ஓட்டைகளைச் சிலிக்கனால் அடைத்தோம், நயினாதீவு ஞாபகம் இருந்தபடியால். காற்றாடியின் வழி மறைபடாமல் அம்பின் பக்கவாட்டை விட்டுவிட்டோம். கூலி கேட்டதற்கு, உங்கள் நிகழ்ச்சியில் பழைய பாட்டு இரண்டு கூடப் போடுங்கள் என்றார்.

அன்று பின்னேரமே ஜி வாசித்துப் பார்த்தேன். சுத்தம். இன்னும் மெதுவாக ஒருமுறை, இன்னும் பலமாக ஒருமுறை. வண்டு இல்லை.

மற்றவை சுருக்கமாக. ஆழம் பார்க்கும்போது அம்பின் நீளத்தை மட்டும் அளக்காதீர்கள். முன்னுக்கு நீட்டுகிற குமிழ்கள், பின்னுக்கு ஸ்பீக்கர் வயரின் ஸ்பீக்கோன் பிளக்கும் வயர் மடிகிற இடமும் சேர்த்து ஒரு நாலு அங்குலம் கூட வேண்டும். அகலம் எல்லாவற்றுக்கும் 19 அங்குலம்தான், அதில் குழப்பமில்லை. உயரத்தில், அடியில் ரப்பர் கால் இருந்தால் 2யூ அம்ப் 2யூவுக்குள் நிற்காது. இரண்டு மூடிக்கும் ஒரே முகம், ஆனால் ஒன்று மற்றதுக்குப் பொருந்தாது. இருட்டில் மேடைக்குப் பின்னால் அதைக் கண்டுபிடிக்கிற நேரத்தில் ஒரு பாட்டு முடிந்துவிடும். பின்மூடியில் யாரோ தேத்தண்ணிக் கோப்பை அடுக்கி வைத்திருப்பார்கள். அது எந்த ஊர்க் கோவிலிலும் மாறாது.

தம்பிக்கு இப்படி எழுதினேன்: நல்ல பெட்டி. மழை, கடல், லான்ட்மாஸ்ரர், தூக்குகிறவன் கைதவறிப் போட்டது, எதற்கும் அசையாத பெட்டி. வாங்காதே. அந்தக் காசில் பாதிக்கு, பின்றெயில் உள்ள பழைய ஒட்டுப்பலகைப் பெட்டி ஒன்று கிடைக்கும், கொஞ்சம் பொறு.

நேற்று இரவு பதில் வந்தது. அதே பெட்டிக்கு முற்பணம் கட்டி இரண்டு நாளாகிவிட்டதாம். "அண்ணை, அந்தப் பனஞ்சலாகை எத்தினை அங்குலம் எண்டு ஒருக்கா அளந்து சொல்லுங்கோ."

அதை அளக்க அம்பை முழுதாகக் கழற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம்.