மாதக் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ்: மதுரை வீடுகளுக்கு எவ்வளவு பொருந்தும்?

டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில், தூர்தர்ஷனின் இலவசச் செயற்கைக்கோள் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் பற்றி விசாரித்தால், விற்பவர் முதலில் சொல்வது நூற்றுக்கும் மேற்பட்ட சேனல்கள் வரும் என்பதைத்தான். அது பொய்யில்லை, ஆனால் தமிழ் பேசும் வீட்டுக்கு அந்த எண்ணிக்கையால் பெரிய பயன் எதுவும் இல்லை. தமிழில் எத்தனை சேனல்கள் வரும், அவற்றில் நம் வீட்டில் உள்ளவர்கள் பார்ப்பவை எவை என்று கேட்டு, அதற்கு வரும் பதிலைக் கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். கேபிள் இணைப்பைத் துண்டித்துவிட்டு இதற்கு மாறிய வீட்டிலிருந்து சொல்கிறேன்: செய்தியும் விளையாட்டும் பார்ப்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு, நெடுந்தொடர் பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாகவே முடியும்.

இலவசத் தொலைக்காட்சி என்றதும், மொட்டைமாடிக் குழாயில் அலுமினிய ஆண்டெனாவைக் கட்டி, கொடைக்கானல் மலையைப் பார்க்கத் திருப்பிவைத்த காலம் பலருக்கு நினைவு வரலாம். அந்த வழி இப்போது இல்லை. நாடு முழுவதும் இருந்த அனலாக் நிலையங்களில் பெரும்பாலானவற்றை தூர்தர்ஷன் 2022க்குள் மூடிவிட்டது. தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு முதலில் தொடங்கப்பட்ட நகரங்களில் சென்னை இருந்தது, மதுரை இல்லை. ஆகவே நம் ஊரில் கட்டணமின்றித் தொலைக்காட்சி பார்க்க வேண்டுமானால், 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கி இன்று ஃப்ரீ டிஷ் என்று அழைக்கப்படும், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் செயற்கைக்கோள் சேவைதான் நடைமுறையில் உள்ள வழி.

செலவு ஒரே முறைதான். டிஷ், அதன் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்.என்.பி., செட்டாப் பாக்ஸ், வயர், பொருத்துகூலி எல்லாம் சேர்ந்து சுமார் இரண்டாயிரம் ரூபாயில் அடங்கிவிடும். இதைக் கேபிளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்து 2019இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, கட்டணச் சேனல் ஒன்றுகூட எடுக்காத வீட்டிடமும் இணைப்புக் கட்டணமாக 130 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து மாதம் 153 ரூபாய் 40 காசு வரை வாங்கலாம் என்றிருந்தது. 2024இல் அந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டது. பழைய உச்சவரம்பின்படி பார்த்தாலே ஆண்டுக்கு 1,840 ரூபாய் ஆகிறது என்பதால், டிஷ்ஷுக்குப் போட்ட பணம் ஏறக்குறைய ஓராண்டிலேயே திரும்பிவிடுகிறது.

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அண்மையில் வந்த பெட்டிகள் சிலவற்றில் செயற்கைக்கோள் சிக்னலைப் பிரித்தெடுக்கும் டியூனர் உள்ளேயே இருக்கும். அவற்றில் டிஷ் வயரை நேரடியாகச் செருகினாலே பல சேனல்கள் வந்துவிடும். பாக்ஸ் வாங்குவதாக இருந்தால், படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறையான எம்பெக்-4 வகையையே கேட்டு வாங்க வேண்டும், ஏனெனில் விலை குறைவு என்று தள்ளிவிடப்படும் பழைய எம்பெக்-2 பாக்ஸில் சேனல்களில் ஒரு பகுதி வரவே வராது. பயன்படுத்தாமல் கிடக்கும் பழைய டிடிஎச் டிஷ் நல்ல நிலையில் இருந்தால், பெரும்பாலும் அதையே திருப்பிவைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சேவை வருவது 93.5 பாகை கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. மதுரையிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், சற்றே கிழக்குப் பக்கமாக, தொடுவானிலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் இருக்கிறது. இவ்வளவு உயரத்தில் இருப்பதால், மாசி வீதிகளைப் போல வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் இடங்களில்கூடப் பக்கத்து மாடி மறைக்கும் தொல்லை குறைவு. தொல்லை கொடுப்பது ஆடிக் காற்றுதான். டிஷ்ஷின் காலைச் சுவரிலோ தளத்திலோ எக்ஸ்பான்ஷன் போல்ட் போட்டு இறுக்காமல், செங்கல் அண்டக்கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அப்படி வைத்த டிஷ் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் திரையில் ‘சிக்னல் இல்லை’ என்ற வரிதான் மிஞ்சும். ஐப்பசி அடைமழையில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோவது, மழையில் எளிதில் வலுவிழக்கும் கேயு அலைவரிசையில் வரும் எல்லா டிடிஎச் சேவைகளுக்கும் பொதுவானது; மழை விட்டதும் தானாகத் திரும்பும்.

இனி நிகழ்ச்சிகளுக்கு வருவோம். 2024 ஜனவரியில் பொதிகை என்ற பெயரை விட்டுப் புதுத்தோற்றம் பெற்ற டிடி தமிழ்தான் இங்கே தமிழுக்கு முதன்மையான சேனல். அதன் செய்தியறிக்கை கூச்சல் இல்லாமல், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசாமல் நடக்கிறது என்பதே எனக்குப் பெரிய நிறைவு. மாணவர்களுக்கான கல்விச் சேனல்கள் ஏராளமாக இருக்கின்றன. வானொலி நிலையங்களும் வருகின்றன. ஆனால் சன் டிவி, விஜய், ஜீ தமிழ் ஆகியவை இதில் இல்லை. தனியார் சேனல்கள் இதில் இடம்பெற வேண்டுமானால் ஏலத்தில் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தை விளம்பரத்தில் எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு வருபவர்கள் பெரும்பாலும் இந்திச் சேனல்காரர்கள். சந்தா வாங்கியே பழகிய தமிழ்ச் சேனல்களுக்கு இங்கே வரவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. இரவு ஏழு மணிக்குமேல் தொடர் பார்க்க உட்காரும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கேபிளைத் துண்டித்தால், மாதம் மிச்சமாகும் பணத்தைவிட மனத்தாங்கல்தான் அதிகமாகும்.

கிரிக்கெட்டைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தேசிய முக்கியத்துவம் உடையவை என்று அறிவிக்கப்படும் விளையாட்டுகளின் ஒளிபரப்பை உரிமை பெற்ற நிறுவனம் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். அப்படிப் பகிரப்பட்டதைப் பிரசார் பாரதி தன்னுடைய தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. அதனால், இந்திய ஆடவர் அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்கள் ஃப்ரீ டிஷ்ஷின் டிடி ஸ்போர்ட்ஸில் வரும்போது, கேபிளில் தெரியும் அதே டிடி ஸ்போர்ட்ஸில் வேறு ஏதோ நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும். காசு கொடுப்பவருக்கு இல்லாதது கொடுக்காதவருக்குக் கிடைக்கும் விசித்திரத்தை வேறு எந்தச் சேவையிலும் நான் பார்த்ததில்லை. ஐபிஎல் இந்தப் பட்டியலில் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படத் தரம் சுமார். பெரும்பாலான சேனல்கள் எச்.டி.யைவிடத் துல்லியம் குறைந்த எஸ்.டி. தரத்தில் வருவதால் 32 அங்குலப் பெட்டியில் குறை தெரியாது; 55 அங்குலத்தில் முகங்கள் மங்கலாகவே தெரிகின்றன. அதைவிட எனக்கு இழப்பாகத் தோன்றுவது உள்ளூர்க் கேபிள் சேனல்கள்தான். சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கும் வழியெல்லாம், ஒவ்வொரு மண்டகப்படியிலும் கேமராவை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் காட்டும் பொறுமை அவர்களுக்கு மட்டுமே உண்டு. அந்தச் சில நாட்களுக்குப் பக்கத்து வீட்டைத்தான் நம்பியிருக்கிறோம்.

மாறுவது என்று முடிவெடுத்தவர்கள், டிஷ் பொருத்தி எல்லாச் சேனல்களையும் வீட்டார் ஓட்டிப் பார்த்த பிறகே கேபிளை நிறுத்தச் சொல்ல வேண்டும். கேபிள்காரரின் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது கையோடு ரசீது வாங்கிக்கொள்வதும், ஏலம் முடிந்து சேனல் வரிசை மாறும் சமயங்களில் பாக்ஸை மறுபடி ஸ்கேன் செய்துகொள்வதும் அவசியம்.