முற்றிய குச்சியா, இளங்குச்சியா, விண்பதியமா?

தாய்மரத்தின் குணம் அப்படியே கன்றுக்கும் வரவேண்டுமானால் விதையை நம்ப முடியாது. குச்சி நடலாம், பதியம் போடலாம், அதாவது கிளை தாய்மரத்தில் இருக்கும்போதே அதில் வேர் வரவழைக்கலாம். இவற்றில் எது மேல் என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. அந்த மரம் வேர் விட எத்தனை நாள் எடுக்கும், அதுவரை குச்சி காயாமல் எப்படித் தாங்கும் என்று கேட்டால் முறை தானே முடிவாகிவிடும்.

வெட்டிய குச்சியின் அடியில் முதலில் காயம் ஆறுகிறது. சூபரின் என்ற மெழுகுபோன்ற பொருள் படிந்து வெட்டுவாய் மூடிக்கொள்கிறது. மொட்டிலும் இளம் இலையிலும் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் தண்டு வழியே கீழே இறங்கி, மேற்கொண்டு போக வழியில்லாமல் அடியில் தேங்குகிறது. அந்தத் தேக்கத்தால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள மெல்லிய வளர்ச்சி அடுக்கான கேம்பியத்தை ஒட்டிய சில செல்கள் பழைய வேலையை விட்டுவிட்டுப் புதிதாகப் பிரிந்து, வேர்முனையாகத் திரண்டு, பட்டையைக் கிழித்துக்கொண்டு வருகின்றன. வெட்டுவாயில் வெள்ளையாகப் பொருமி நிற்கும் காலஸ் என்ற செல்திரளைப் பார்த்து வேர் வந்துவிட்டதாக மகிழவேண்டாம். காலஸ் கனமாகத் திரண்டும் ஒரு வேர்கூட வராமல் போகும் குச்சிகள் உண்டு.

முற்றிய குச்சியில் இலை இல்லை. ஆகவே நீரிழப்பு குறைவு. சேமித்த மாவுச்சத்தில் வாரக்கணக்கில் தாங்கும். சீமை அத்தி, மாதுளை, மல்பெரிக்கு இதைவிட எளிய முறை கிடையாது. வில்லோ, பாப்லர் தண்டுகளில் வேர்க்கருவே முன்கூட்டி உருவாகி உறங்கிக்கொண்டிருக்கும். ஈரம் பட்டாலே போதும். மரம் ஓய்வில் இருக்கும்போது, கடந்த பருவத்தில் வளர்ந்த பென்சில் கனக் கிளையை 15 முதல் 25 செ.மீ. நீளத்தில் வெட்டுங்கள். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேல்வெட்டு மொட்டுக்கு 1 செ.மீ. மேலே சரிவாகவும் இருந்தால் எது தலை, எது அடி என்ற குழப்பம் வராது. மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகட்டும்.

இதில் வழக்கமான ஏமாற்றம், துளிர்த்த பின் வாடுவது. வேருக்கு முன்னால் மொட்டு விரிந்து, இருப்புச் சத்தைத் தின்று, நீர் இல்லாமல் சாகிறது. அடி மண் 20 முதல் 25 டிகிரியும் மேலே காற்று அதைவிடக் குளிர்ச்சியாகவும் இருந்தால் வேர் முந்தும். அடியிலிருந்து கறுத்து வந்தால் ஊடகத்தில், அதாவது குச்சி நட்ட மண்ணில் அல்லது கலவையில், ஈரம் அதிகம், காற்று போதவில்லை என்று பொருள்.

இளங்குச்சியின் கணக்கு வேறு. செல்கள் இளசு என்பதால் வேர் விரைவில் வரும். ஆனால் இருப்பு குறைவு, இலையும் உண்டு. இலையைக் கழித்துவிட்டால் சர்க்கரையும் ஆக்சினும் நின்றுபோகும். முழுதாக விட்டால் வாடும். 8 முதல் 12 செ.மீ. நுனிக்குச்சியில் இரண்டு, மூன்று இலைகளை மட்டும் வைத்து, பெரியவற்றைப் பாதியாக நறுக்குவது நடுவழி. காலையில் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, அன்றே நடவேண்டும். கோகோபீட்டும் (தென்னை நார்க்கழிவு) பெர்லைட்டும் (இலேசான வெள்ளைக் கல்துகள்) சமபங்கு கலந்த ஊடகம், நிழல்வலை, பனிபோல நீர் தெளிக்கும் மிஸ்ட் சேம்பர் எல்லாம் வேண்டும். முற்றிய குச்சியில் பிடிவாதம் செய்யும் கொய்யா, இந்த முறையில் இணங்கும். மிஸ்ட் ஒரு நண்பகல் நின்றால் போதும், மொத்தத் தட்டும் போய்விடும். அந்த வசதி இல்லாதவர்கள் இதைப் பெரிய அளவில் தொடங்காமல் இருப்பதே நல்லது.

வேர் ஊக்கி இரண்டுக்கும் ஒரே அளவல்ல. ஐ.பி.ஏ. (இண்டோல் பியூட்ரிக் அமிலம், ஆக்சின் வகை ஊக்கி) இளங்குச்சிக்கு 500 முதல் 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), முற்றிய குச்சிக்கு 2500 முதல் 5000 பி.பி.எம். பாதி ஆல்கஹால், பாதி தண்ணீர் கலந்த 1 லிட்டரில் 1 கிராம் கரைத்தால் 1000 பி.பி.எம். குச்சியின் அடி 2 செ.மீ. மட்டும் 5 விநாடி முங்கினால் போதும். அளவு மிஞ்சினால் அடிப்பட்டை கறுக்கும், மொட்டும் திறக்காது. தேன் தடவுகிறவர்கள் தடவட்டும்; அதை ஐ.பி.ஏ.வுக்கு மாற்றாக எண்ணவேண்டாம்.

கிளையை மண்ணுக்குத் தாழ்த்தாமல் மேலேயே போடும் விண்பதியத்தில் கிளை தாய்மரத்திலேயே இருப்பதால் அவசரமே இல்லை. மரக்கட்டை வழியே நீர் ஏறிக்கொண்டிருக்கும். பட்டை வளையத்தை நீக்கியதால் சர்க்கரையும் ஆக்சினும் வளையத்துக்கு மேலே தேங்கும். லிச்சி போன்ற மெதுவான மரங்களுக்கு இதுவே வழக்கம். பென்சில் முதல் கட்டைவிரல் கனம் வரையுள்ள கிளையில் 2 முதல் 3 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரியுங்கள். பிறகு வழவழப்பு முழுதும் போகும்வரை கத்தியால் சுரண்டுங்கள். அந்த வழவழப்புதான் கேம்பியம். ஓர் இழை மிஞ்சினாலும் பட்டை மறுபடி இணைந்து, வேர் வராது. வளையத்தின் மேல் விளிம்பில் ஊக்கி தடவி, ஊறவைத்துப் பிழிந்த, நீரைப் பிடித்துவைக்கும் ஸ்பேக்னம் பாசியைப் பொதிந்து, பாலிதீன் தாளால் இருமுனையும் இறுக்கிக் கட்டவேண்டும். பாசியிலிருந்து நீர் சொட்டினால் அழுகல் நிச்சயம். தாள் வழியே ஒரு வெள்ளை வேர் தெரிந்ததும் வெட்டாமல், அது கிளைத்துப் பழுப்பேறும்வரை பொறுங்கள். வெட்டியபின் இலைகளில் ஒரு பங்கைக் குறைத்து, சில வாரம் நிழலில் வையுங்கள்.

கிளைக்கு ஒரு கன்றுதான், வேலையும் அதிகம். நூற்றுக்கணக்கில் கன்று வேண்டுமானால் விண்பதியம் கட்டாது.

எந்த முறையானாலும் கிளைத் தேர்வு முக்கியம். வயதான மரத்தின் உச்சிக்கிளை வேர் விடத் தயங்கும். அதே மரத்தைக் கவாத்து செய்தபின் அடியில் எழும் துளிர் எளிதில் வேர் விடும். காப்பியில் பக்கக்கிளையை வேர்விடச் செய்தால் கன்று நிமிராமல் பக்கவாட்டிலேயே வளரும். ஆகவே செங்குத்தாக எழும் துளிரை மட்டும் எடுக்கவேண்டும்.