கோத்தகிரிச் சரிவில் ஒரு மண் ஆய்வு: குன்னூர் நிறுவனம் ஒன்றின் சேவை எப்படி இருந்தது?

கோத்தகிரிக்கு அருகே தேயிலைத் தோட்டத்தை ஒட்டி எங்களுக்கு 7 சென்ட் நிலமும் அதில் ஒரு பழைய வீடும் உள்ளன. வீட்டின் பின்புறம் உள்ள மேட்டை வெட்டி, ஓர் அறையும் குளியலறையும் சேர்த்துக் கட்டலாம் என்று முடிவு செய்தபோது, குன்னூரில் இயங்கும் ஒரு சிறிய மண் ஆய்வு நிறுவனத்தின் சேவையைப் பெற்றோம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் நிறுவனம் அது. அவர்களின் நிறைகளோடு குறைகளையும் இங்கே எழுதப்போவதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 6 மீட்டர் ஆழத்துக்கு இரண்டு துளைகள், துளைக்குள் மண்ணின் உறுதியைச் சுத்தியல் அடிகளால் அளக்கும் சோதனை, ஆய்வகப் பரிசோதனை, தடுப்புச் சுவர் குறித்த பரிந்துரையுடன் கூடிய அறிக்கை ஆகிய அனைத்துக்கும் சேர்த்து 42,000 ரூபாய் வாங்கினார்கள். வண்டி வராத இடம் என்பதால் துளையிடும் முக்காலிக் கம்பத்தையும் இரும்புக் குழாய்களையும் ஆட்களே தோளில் சுமந்து இறக்கினார்கள். அந்தக் கூலியும் இதில் அடக்கம். 12 நாளில் தருவதாகச் சொன்ன அறிக்கை 29-ஆவது நாள்தான் கைக்கு வந்தது. இடையில் நான் தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம் "நாளைக்கு அனுப்பிவிடுகிறோம் சார்" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது.

வந்த அறிக்கை 31 பக்கம், முழுவதும் ஆங்கிலம். பொறுமையாகப் படித்துக்கொண்டு போனபோது பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு பத்தி என்னை நிறுத்தியது. இவ்விடத்தில் அமில சல்பேட் மண், அதாவது காற்றுப்பட்டால் அமிலமாக மாறும் கடலோரச் சேறு, இருப்பதற்கு வாய்ப்பில்லை என்றும், ஆகவே அதற்கான மேலாண்மைத் திட்டம் தேவைப்படாது என்றும் அதில் எழுதியிருந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்குக் கடலோரச் சேற்றைப் பற்றிய குறிப்பு எதற்கு? வேறு எங்கோ எழுதிய அறிக்கையை வெட்டி ஒட்டி என்னிடம் காசு வாங்கிவிட்டார்கள் என்ற கோபத்தில் உடனே அழைத்தேன். அறிக்கையில் கையெழுத்திட்ட பொறியாளர் மறுக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து வடகடலோரத்தில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர் அவர். அங்கே பயன்படுத்திய அறிக்கைச் சட்டகத்தையே இங்கும் வைத்துக்கொண்டிருக்கிறார், அந்தப் பத்தியை நீக்க மறந்துவிட்டார். கவனக்குறைவுதான், அதற்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பத்தியைப் பற்றி அவரிடம் கேட்கப்போய்த்தான் இந்தச் சேவையில் உருப்படியான பகுதி எது என்பது எனக்குப் புரிந்தது.

அவர் விளக்கியது இது. பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது, கடந்த சுமார் 10,000 ஆண்டுகளில், கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் படிந்த சேற்றில், கடல்நீரின் சல்பேட்டையும் மண்ணின் இரும்பையும் கொண்டு நுண்ணுயிரிகள் பைரைட் என்னும் இரும்பு சல்பைடை உருவாக்கின. நீருக்கடியில் கிடக்கும்வரை அதனால் யாருக்கும் தொல்லை இல்லை. அடித்தளம் தோண்டியோ வடிகால் வெட்டியோ அந்தச் சேற்றைக் காற்றுப்படச் செய்தால் அது கந்தக அமிலமாக மாறுகிறது. அமிலம் களிமண்ணிலுள்ள அலுமினியத்தையும் இரும்பையும் கரைத்து, அடுத்த மழையில் ஆற்றுக்குள் இறக்குகிறது. மீன்கள் சாகின்றன, கான்கிரீட்டும் இரும்புக் குழாய்களும் அரிக்கப்படுகின்றன. அந்த மாநிலத்தின் ட்வீட் ஆற்றில் 1987-இல் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்த பிறகுதான் இதன் மீது பரவலான கவனம் விழுந்தது என்றார். நமக்குப் பக்கத்திலேயே, கேரளத்தின் குட்டநாட்டில் கரி நிலம் என்று சொல்லப்படும் கறுப்பு வயல்களும் இவ்வகை மண்தான்.

கட்டடம் கட்ட வருபவரை நியூ சவுத் வேல்ஸின் உள்ளாட்சித் திட்ட விதிகள் கேட்கும் கேள்விகளை அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். இந்த மண்ணுக்கென்று உள்ள நிலவரைபடத்தில் ஐந்து வகுப்புகள் உண்டு. முதல் வகுப்பு நிலத்தில் எந்த வேலைக்கும் அனுமதி வேண்டும். இரண்டாம் வகுப்பில் தரைமட்டத்துக்குக் கீழே போகும் எந்த வேலைக்கும், மூன்றாம் வகுப்பில் 1 மீட்டருக்குக் கீழே போகும் வேலைக்கும், நான்காம் வகுப்பில் 2 மீட்டருக்குக் கீழே போகும் வேலைக்கும் அனுமதி வேண்டும். இந்த மூன்றிலும், அந்தந்த ஆழத்துக்குக் கீழே நிலத்தடி நீர்மட்டத்தைத் தாழ்த்தக்கூடிய வேலையும் அதே கட்டுப்பாட்டில் சேரும். ஐந்தாம் வகுப்பு இன்னும் நுட்பமானது: அங்கே அமில மண்ணே இல்லாமல் இருக்கலாம், ஆனால் 500 மீட்டருக்குள் மற்ற நான்கு வகுப்புகளில் ஒன்று இருந்து, உங்கள் வேலை அந்தப் பக்கத்து நிலத்தின் நீர்மட்டத்தை இறக்கிவிடும் என்றால் நீங்களும் பதில் சொல்ல வேண்டும். தோண்டும் மண் 1 டன்னுக்குக் குறைவாக இருந்து, நீர்மட்டமும் இறங்காது என்றால் விலக்கு உண்டு. மற்றவர்கள் முதற்கட்ட ஆய்வு செய்து, மேலாண்மைத் திட்டம் தேவையில்லை என்று எழுத்தில் உறுதி பெற வேண்டும். தேவை என்றால் எவ்வளவு சுண்ணாம்பு கலப்பது, தோண்டிய மண்ணை எங்கே எப்படிக் கரைகட்டிக் குவிப்பது, வடியும் நீரை எப்படிச் சோதிப்பது என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும்.

எத்தனை மாடி, எத்தனை அறை என்ற பேச்சே இதில் இல்லை. எவ்வளவு ஆழம், தண்ணீர் எங்கே நிற்கிறது, எவ்வளவு மண் வெளியே வருகிறது, அது எங்கே போகிறது என்ற நான்கு கேள்விகள்தாம்.

நீலகிரியில் விதிகள் இல்லாமல் இல்லை. 1990-இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. அதன் கீழ் அறிவிக்கப்பட்ட கிராமங்களில் கட்டடம் கட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை, வனத்துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்று கேட்கப்படுகிறது. ஜேசிபி, பொக்லைன் போன்ற இயந்திரங்களை இறக்க மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். ஆயினும் வீடு கட்டுபவர்கள் கூடிப் பேசும்போது எல்லோருக்கும் மனப்பாடமாக இருப்பது கட்டடம் 7 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்ற ஒரே விதிதான். மேலே எழும்புவதை அளக்கத் தெரிந்த நாங்கள், பின்னால் வெட்டுவதை "கொஞ்சம் மட்டம் தட்டணும்" என்ற வார்த்தையில் முடித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். 1993 நவம்பரில் குன்னூர் அருகே மரப்பாலம் என்ற இடத்தில் சாலையே அடித்துச் செல்லப்பட்டதையும், 2009 நவம்பரில் மாவட்டமெங்கும் சரிவுகள் இறங்கி 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததையும் பார்த்த தலைமுறைக்கு இந்த அலட்சியம் அழகல்ல.

இந்த நிறுவனம் முதல் நாளே எங்களிடம் நிரப்பச் சொன்ன படிவம், அந்த நான்கு கேள்விகளை மலைக்கு ஏற்ப மாற்றியதுதான் என்பது பிறகுதான் விளங்கியது. மண் எவ்வளவு வரும் என்ற கட்டத்தில் நான் "சிறிது" என்று எழுதியிருந்தேன். பொறியாளர் நாடாவை வைத்து அளந்தார்: 6 மீட்டர் அகலம், மலைக்குள் 4 மீட்டர், பின்சுவர் ஓரத்தில் 2.5 மீட்டர் உயரம். சரிவான வெட்டு என்பதால் அதில் பாதி, அதாவது 30 கன மீட்டர். வெட்டியபின் உதிர்ந்து பெருகுவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 13 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), எடையில் 54 டன். இதைக் கீழே இருக்கும் சரிவில் தள்ளிவிடலாம் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அந்தச் சரிவின் அடியில் ஓர் ஓடை, அதற்கும் கீழே வேறொருவர் வீடு. தளர்ந்த மண்ணைச் சரிவின் மேல் ஏற்றினால் பாரமும் கூடும், ஓடையும் அடைபடும் என்பதால், அந்த மண்ணை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறோம் என்று எழுதித் தராதவரை அறிக்கையை முடிக்க மாட்டேன் என்று பொறியாளர் நின்றுவிட்டார். அப்போது எரிச்சலாக இருந்தது; 29 நாளில் நான்கைந்து நாள் என்னால் போனதுதான்.

இனி என் பெரிய மனக்குறை. மார்ச் மாதத்தில் துளையிட்டுவிட்டு, 6 மீட்டர் ஆழம்வரை நிலத்தடி நீர் தென்படவில்லை என்று அறிக்கை சொன்னது. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். அக்டோபர், நவம்பரில் எங்கள் வீட்டுப் படிக்கட்டு ஓரத்தில் ஊற்றே கிளம்பும். கோடையில் காய்ந்து கிடக்கும் துளையைப் பார்த்து எழுதிய வரியை நம்பித் தடுப்புச் சுவர் கட்டினால் என்ன ஆகும்? கடலோரத்தில் நீர்மட்டம் இறங்குவதுதான் ஆபத்து, இங்கே ஏறுவதுதான் ஆபத்து. அவ்வளவு விதிகளைக் கற்று வந்தவர் இதைத் தானாகவே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்ட பிறகு ஒப்புக்கொண்டு, நீர்மட்டத்தை அளக்க ஒரு துளையில் பக்கங்களில் ஓட்டைகள் போட்ட பிவிசி குழாயை இறக்கினார்கள். அதற்கு 3,500 ரூபாய் தனியாக வாங்கினார்கள். அடிப்படைக் கட்டணத்திலேயே இதைச் சேர்த்திருப்பதுதான் முறை.

வேலையை நவம்பர் தாண்டும்வரை தள்ளிவைத்தோம். அந்த மாதத்தில் நான்கு நாள் விடாமல் மழை பெய்த பிறகு நாடாவில் ஈயக்குண்டு கட்டி இறக்கிப் பார்த்தேன்; தண்ணீர் 2.1 மீட்டரில் நின்றது. அதாவது நாங்கள் வெட்ட நினைத்த ஆழத்துக்கும் மேலே. பொறியாளர் மறுநாளே வந்து, கூடுதல் கட்டணம் கேட்காமல் வடிவமைப்பை மாற்றினார். ஒரே வெட்டாக இருந்தது, ஒவ்வொன்றும் 1.2 மீட்டருக்கு மிகாத இரண்டு படிகள் ஆனது. குளியலறை பக்கவாட்டுக்குப் போனது. சுவரின் பின்னால் சரளைக்கல் நிரப்பி, நீர் வெளியேறத் துளைகள் விட்டு, மேட்டின் தலையில் ஒரு வாய்க்கால் வெட்டி மழைநீரைச் சுற்றித் திருப்பினார்கள். அறை நான் விரும்பியதைவிடச் சிறியதாகிவிட்டது. அதில் வருத்தம் உண்டு, புகார் இல்லை.

ஆய்வக முடிவுகளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மண்ணின் அமில காரநிலை (pH) 5.1 என்று வந்ததைப் பார்த்து என் மனைவி கலங்கிப்போனார்; பக்கத்துத் தோட்டக்காரர் அண்ணன், 4.5 முதல் 5.5 வரை இருந்தால்தான் தேயிலைக்கே பிடிக்கும் என்று சிரித்தார். காலங்காலமாகப் பெய்யும் மழை சத்துகளைக் கரைத்துக்கொண்டு போனதால் வந்த புளிப்பு அது. பைரைட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சல்பேட் அளவு மிகக் குறைவாக இருந்ததால் தனிவகை சிமெண்ட் தேவையில்லை என்று அறிக்கை ஒரே வரியில் தெளிவாக்கியிருந்தது. பத்தொன்பதாம் பக்கத்தில் நின்ற அந்நியப் பத்திக்குப் பதிலாக இந்த விளக்கத்தைத் தமிழில் நான்கு வரி எழுதியிருந்தால் வீட்டில் ஒரு நாள் கவலை மிச்சமாகியிருக்கும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். தாமதத்துக்கும், அந்நியப் பத்தியை நீக்காததற்கும், அறிக்கையைத் தமிழில் தராததற்கும், மார்ச் மாதத் துளையை நம்பியதற்கும் சேர்த்து ஒன்றரையைக் கழித்தேன். மேட்டை வெட்டப் போகிறவர்கள் வரைபடம் போடுவதற்கு முன்பே இவர்களை அழைப்பது நல்லது; வரைபடத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு அழைத்தால் திருத்த அனுமதிக்கு இன்னொரு முறை அலைய நேரும், நாங்கள் அலைந்தோம். நீர் அளக்கும் குழாய் கட்டணத்தில் அடக்கமா என்பதையும் முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் குழாய் இன்னும் இருக்கிறது. மழைக்குப் பிறகு அளந்து அனுப்பும் எண்ணுக்கு அவர்கள் தவறாமல் பதில் போடுகிறார்கள். அதன் மூடியைத்தான் குரங்குகள் வாரம் ஒருமுறை கழற்றி எறிந்துவிடுகின்றன. பூட்டு வைத்த மூடி ஒன்று கேட்டு இரண்டு மாதம் ஆகிறது, நாளைக்கு அனுப்பிவிடுகிறார்களாம்.