ஒரு வனமா, முழு நாடா? கார்பன் வரவு விற்பனையின் இரு வழிகள்

காடழிப்பைத் தடுத்துக் கார்பன் வரவுகளை (வெளியேறாமல் தவிர்த்த ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் கிடைக்கும், விற்கத்தக்க சான்றிதழ்களை) விற்பதில், ஒரு வனப்பகுதியை மட்டும் கணக்கிடும் முறைக்குக் கம்போடியாவின் தென் கார்டமம் திட்டமும், நாட்டின் காடு முழுவதையும் கணக்கிடும் முறைக்குத் தென் அமெரிக்க நாடான கயானாவும் சான்றுகள். முதல் முறையில், திட்டம் இல்லாதிருந்தால் எவ்வளவு காடு அழிந்திருக்கும் என்ற ஊகத்திலிருந்தே வரவு பிறப்பதால், ஊகத்தைச் சற்று உயர்த்தினாலே விற்கும் வரவு பெருகிவிடும். மரவெட்டு பக்கத்துக் காட்டுக்கு நகர்ந்தாலும் எளிதில் தெரியாது. கயானாவில் அந்த நகர்வு தேசியக் கணக்கிலேயே பதிவாகிவிடும். ஆயினும், அழியும் அபாயம் குறைவாயிருந்த காட்டுக்கும் அங்கே வரவு கிடைக்கிறது.

உள்ளூர் மக்களைப் பொறுத்தவரை வேறுபாடு இன்னும் கூர்மையானது. கார்டமம் திட்டம் 2015-இல் தொடங்கியிருந்தும் சோங் பழங்குடியினருடனான கலந்தாய்வு 2017-இல்தான் தொடங்கியது என்றும், பிசின் போன்ற வனப்பொருள் சேகரித்தவர்களும் கைதாயினர் என்றும் மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2024-இல் குற்றஞ்சாட்டியது. அதே திட்டத்தின் பணத்தில் கிணறுகளும் பள்ளிகளும் வந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். கயானாவிலோ, ஹெஸ் நிறுவனம் (வாங்கியது எண்ணெய் நிறுவனம் என்பது தனி முரண்) 2022-இல் அந்நாட்டு வரவுகளுக்குத் தர ஒப்புக்கொண்ட குறைந்தபட்சம் 75 கோடி டாலரில் 15 விழுக்காடு பழங்குடிக் கிராமங்களுக்கென ஒதுக்கப்பட்டது. பங்கீட்டில் இதுவே மேல் என்பேன். ஒப்புதலில் அப்படிச் சொல்ல இயலவில்லை: தங்களிடம் முறையான சம்மதம் பெறப்படவில்லை என அந்நாட்டுப் பழங்குடி அமைப்பொன்றும் முறையிட்டிருக்கிறது.