காது நிஜம், இறக்கம் பொய்: ரெட் டெட் 2 குதிரைங்க பத்தி ஒரு கொடைக்கானல் ரிவ்யூ

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2ங்கற கவ்பாய் வீடியோ கேமை வாங்கலாமான்னு கேக்கறவங்க எல்லாரும் கதை எப்படி, கிராபிக்ஸ் எப்படின்னுதான் கேக்கறாங்க, அதுக்கு ஏற்கனவே எக்கச்சக்க ரிவ்யூ இருக்கு. நான் சொல்லப் போறது குதிரையை மட்டும். எங்க மாமா கொடைக்கானல் ஏரியில சவாரிக்கு மட்டக்குதிரை விடுறாரு, கொள்ளு ஊற வைக்கறதுல இருந்து லத்தி அள்ளுற வரைக்கும் பாத்து வளந்தவன் நான், அதனால எந்த கேம்ல குதிரை வந்தாலும் என் கண்ணு முதல்ல போறது அதோட காதுக்குத்தான்.

ஏன்னா குதிரை எதை கவனிக்குதுன்னு காது காட்டிக் கொடுத்துரும். முன்னாடி நிமிந்து நின்னா எதையோ பாக்குது, ஒண்ணு மட்டும் பின்னாடி திரும்புனா மேல உக்காந்திருக்கற ஆளோட பேச்சை கேக்குது, ரெண்டும் பின்னாடி படிஞ்சு ஒட்டிக்கிச்சுன்னா கிட்ட போகாத, கடி விழும். பெரும்பாலான கேம்ல காது தலையில ஒட்ட வச்ச மாதிரி அப்படியே நிக்கும். ரெட் டெட்ல அப்படி இல்ல, தனித்தனியா திரும்புது, பாம்பு இருந்தா நமக்கு தெரியறதுக்கு முன்னாடி அதுக்கு தெரியுது, ஓநாய் கிட்ட வந்தா தலையை தூக்கி சைடுல சைடுல ஒதுங்குது, அதையும் மீறி ஓட்டுனா நம்மள தூக்கி கீழ போட்டுட்டு ஓடியே போயிரும். ஒரு தடவை மாமா பின்னாடி நின்னு பாத்துட்டு இருந்தாரு, "மாப்ள, அங்கிட்டு ஏதோ இருக்கு, குதிரை பாத்துருச்சு, நீ பாக்கல"ன்னாரு, சொல்லி முடிக்கல, புதர்ல இருந்து மலைச்சிங்கம்னு சொல்ற பூமா பாஞ்சு வந்துச்சு. கேம்னா என்னன்னே தெரியாத மனுஷன் திரையில இருக்கற குதிரையோட காதை பாத்து சொன்னாருன்னா அதை செஞ்ச டீமுக்கு அதைவிட பெரிய சர்டிபிகேட் வேணாம்.

பின்னாடி போய் நின்னா உதையும் விழுது. ஏரியில சவாரிக்கு வர்ற பிள்ளைங்களுக்கு நாங்க சொல்ற முதல் பாடமே அதுதான், குதிரைக்கு கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல இருக்கறதால கிட்டத்தட்ட சுத்திலும் தெரியும், வாலுக்கு நேர் பின்னாடியும், நெத்திக்கு நேர் முன்னாடி கொஞ்ச இடமும்தான் தெரியாது, பின்னாடி ஆள் சத்தமில்லாம வந்தா பயத்துல உதைச்சுரும்.

அடுத்தது ஓட்டம். 1878ல மைப்ரிட்ஜ்ங்கறவரு அமெரிக்காவுல வரிசையா கேமராவ வச்சு ஓடுற குதிரையை படம் புடிச்சாரு, அப்பதான் நாலு காலும் ஒரே நேரத்துல தரையை விட்டு எழும்புதுன்னும், அப்ப கால் எல்லாம் வயித்துக்கு அடியில மடங்கி இருக்குன்னும் தெளிவாச்சு, அதுக்கு முன்னாடி ஓவியர்கள் முன்னங்காலையும் பின்னங்காலையும் விரிச்சுப் பறக்கற மாதிரியே வரைஞ்சுட்டு இருந்தாங்க. ரெட் டெட்ல இது சரியா இருக்கு, சத்தமும் சரியா இருக்கு. கண்ண மூடிக் கேளுங்க, சும்மா நடக்கும்போது நாலு தட்டு, ட்ராட்டுங்கற மெதுவான ஓட்டத்துல ரெண்டு, அதைவிட வேகமான கேன்டர்ல மூணு, முழு வேகத்துல திரும்ப நாலுன்னு காது பிரிச்சு சொல்லும். குளம்படிக்கு ஏத்த மாதிரி பட்டனை தட்டுனா குதிரை சீக்கிரம் களைக்காது, அந்த ஒரு சின்ன ஐடியா போதும், நீங்க குதிரையை கேக்க ஆரம்பிச்சிருவீங்க. நிஜத்துலயும் முழு ஓட்டத்துல ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான், ரெண்டும் சேந்தேதான் போகும்.

பராமரிப்பு பாதி சரி, பாதி தப்பு. தேய்ச்சு விடணும், சேறு ஒட்டும், தீனி போடலன்னா தெம்பு குறையும், செத்துப் போனா போனதுதான், இதெல்லாம் நல்லா இருக்கு. ஆனா லாடமே தேயறதில்ல! தார் ரோட்டுல குதிரை வச்சு பொழைக்கறவனுக்கு லாடம்தான் பெரிய தலைவலி. ஒரு குதிரையோட சேணத்தை கழட்டி இன்னொன்னுக்கு மாட்டுனா முதுகு புண்ணாகாம இருக்குமா, இங்க எந்த சேணமும் எதுக்கும் பொருந்துது. கேரட்டும் சக்கரைக் கட்டியும் மேல மேல கொடுத்துட்டே இருக்கலாம், ஒண்ணும் ஆகாது. குதிரையால வாந்தி எடுக்க முடியாது, கண்டதும் தின்னு வயித்துவலி வந்துச்சுன்னா உயிருக்கே ஆபத்து. ஏரிக்கரையில கையில கிடைச்சதை எல்லாம் ஊட்டி விடறவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன், தயவு செஞ்சு குதிரைக்காரரை கேட்டுட்டு கொடுங்க.

இப்ப எனக்கு உண்மையிலேயே வருத்தம் தர்ற விஷயம், இறக்கம். கொடைக்கானல் கிட்ட இருக்கற வெள்ளகவிங்கற மலைக்கிராமத்துப் பக்கமெல்லாம் ரோடு கிடையாது, மலைப்பாதையில பொதி ஏத்துன குதிரைதான் சாமான் கொண்டு போகும். அது இறங்கறத ஒரு தடவை நின்னு பாருங்க. தலையை தாழ்த்தி, பாரத்தை பின்னங்காலுக்கு மாத்தி, சின்னச் சின்ன அடியா, ஒவ்வொரு கல்லா பாத்து வச்சு, நேரா இறங்காம வளைஞ்சு வளைஞ்சு வரும். அவசரப்படுத்துனா நின்னுரும், அதுக்கு பாதை தெரியும். ரெட் டெட்ல அவ்வளவு பெரிய பனிமலையை கட்டி வச்சிருக்காங்க, ஆனா சரிவுல முழு வேகத்துல விட்டாலும் குதிரை மறுப்பு சொல்லாம பாயுது, ரொம்ப செங்குத்தா இருந்தா உருண்டு விழுது. ஒண்ணு ஓட்டம், இல்ல உருளல். மலைக்குதிரையோட அறிவு பூரா இருக்கற இடம் அந்த ரெண்டுக்கும் நடுவுல, அது இங்க ரொம்பக் கொஞ்சமாத்தான் இருக்கு.

இன்னொன்னு, நான் விளையாடுன எந்த கேம்லயும் பாக்காதது. நிஜக் குதிரை வீட்டுப் பக்கம் திரும்புனதும் நடை மாறும், போகும்போது இழுத்து இழுத்து வந்தது வரும்போது தானா வேகம் எடுக்கும். ஜோடிக் குதிரையை விட்டு தனியா போகச் சொன்னா முரண்டு பிடிக்கும், பிரிச்சா கனைக்கும். மத்த நேரம் குதிரை பெரும்பாலும் அமைதியான பிராணி, ஆனா கேம்ல எல்லாம் எதுக்கெடுத்தாலும் கனைச்சுக்கிட்டே இருக்கு.

குதிரைக்குன்னு தனி மனசு வேணும்னா ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் விளையாடுங்க, 2005ல பிளேஸ்டேஷன் 2ல (பிஎஸ்2) வந்த கேம், 2018ல பிஎஸ்4க்கு புதுசா செஞ்சாங்க. அதுல வர்ற ஆக்ரோங்கற குதிரை நம்ம பட்டனுக்கு உடனே திரும்பாது, நிறைய பேர் கன்ட்ரோல் மோசம்னு திட்டுறாங்க, நான் ஒத்துக்கவே மாட்டேன். நீங்க ஓட்டறது குதிரையை இல்ல, குதிரை மேல இருக்கற பையனை. பள்ளத்தோட விளிம்புல அது தானா நின்னுரும், குறுகலான பாதையில விட்டுட்டா அதுவே வழி பாத்து போகும், அதனால ரெண்டு கையும் வில்லுக்கு கிடைக்கும். குதிரையோட உடம்பை ரெட் டெட் டீம் மாதிரி யாரும் செய்யல, ஆனா குதிரைங்கறது இன்னொரு உயிர், அதுவும் தானா முடிவெடுக்கும்னு கொலோசஸ் டீம்தான் முதல்ல எனக்கு காட்டுனாங்க.

மத்த கேமெல்லாம் சுருக்கமா. ஸ்கைரிம் குதிரை சுவர் மாதிரி நிக்கற பாறையிலயும் ஏறும், அதை குதிரைன்னு எடுத்துக்க வேணாம். விட்சர் 3ல ரோச்ங்கற குதிரைக்கு பயம்னு ஒண்ணு இருக்கு, கண்ணுக்கு ரெண்டு பக்கமும் மறைப்பு கட்டுனா அது குறையும், அது சரியான விஷயம், ஆனா விசில் அடிச்சா கூரை மேல போய் நிக்கறதெல்லாம் பாக்க கஷ்டமா இருக்கு.

ரெட் டெட் 2 பிசிக்கு 150 ஜிபி இடம் கேக்கும், மலையில நெட்டும் கரண்டும் எப்படின்னு தெரியும்ல, மழைக்காலத்துக்கு முன்னாடியே இறக்கி வச்சுக்கங்க. பெரியவங்களுக்கான கேம், ரத்தமும் சுடறதும் நிறைய, சின்னப் பசங்க கையில கொடுக்காதீங்க. அவங்களுக்கு செல்டா பிரெத் ஆஃப் தி வைல்ட் நல்லது, புதுக் குதிரை சொன்ன பேச்சு கேக்காது, தட்டிக் கொடுத்து தட்டிக் கொடுத்துதான் பழக்கணும். ஒண்ணு மட்டும் பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுங்க: அதுல பதுங்கிப் போய் சட்டுன்னு மேல ஏறி உக்காருவாங்க, நிஜக் குதிரைகிட்ட முன்பக்கத்துல சைடா, தோள் பக்கமா, அதோட கண்ணுல படற மாதிரி, பேசிக்கிட்டே மெதுவா போகணும்.