ஆசிரியர் பெயரை வரிசைப்படுத்த: தானாகத் திருப்புவதா, அச்சிட்டபடி விடுவதா?

மட்டக்களப்பில் மின்னூல்களைச் சேர்க்கும் வாசிகசாலை நண்பர்கள் பலர், மின்னூல்களை நிர்வகிக்கும் கலிபர் (Calibre) செயலியில், ஆசிரியர்களை அகரவரிசையில் அடுக்கப் பயன்படும் 'ஆசிரியர் வரிசைப் பெயரை' எப்படி அமைப்பதென்று தடுமாறுகிறார்கள்.

தேடும் வசதி: தானாகத் திருப்பினால், கடைசிச் சொல் முன்னே வந்து, வி. சீ. கந்தையா 'கந்தையா, வி. சீ.' என்று ககர வரிசையில் நிற்பார். அச்சிட்டபடி விட்டால் வகர வரிசைக்குப் போவார், எஸ். பொன்னுத்துரையோ எகரத்தில், எஸ். என்று தொடங்கும் ஏனையோருடன் கலந்துவிடுவார்.

பிழை: அச்சிட்டபடி விடுவதில் பெயர் சிதையாது. திருப்பினால், 'மருதூர்க் கொத்தன்' என்ற முழுப் புனைபெயர் 'கொத்தன், மருதூர்க்' என்று உடைவதைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. 'வி.சீ.கந்தையா' என்று இடைவெளியின்றித் தட்டச்சிட்டால், செயலி அதை ஒரே சொல்லாகக் கருதித் திருப்பாமலே விட்டுவிடும். ஆகவே முதலெழுத்துகளுக்குப் பின் இடைவெளி விடுவதே முதல் வேலை.

உழைப்பு: அச்சிட்டபடி விடுவதற்கு உழைப்பில்லை. திருப்பும் முறையில் புனைபெயர்களைக் கையால் திருத்த வேண்டும். ஆனால் ஆசிரியர்களை நிர்வகிக்கும் பட்டியலில் ஒருமுறை திருத்தினால் போதும்.

நூற்பெயருக்கு இத்தனை சிக்கலில்லை. ஆங்கிலத்தின் The, A போல, வரிசைப்படுத்தும்போது ஒதுக்கவேண்டிய முன்சொற்கள் தமிழில் இல்லை.

முதலெழுத்துடைய ஆசிரியர்கள் நிறைந்த, பலர் பயன்படுத்தும் வாசிகசாலைத் தொகுப்புக்குத் திருப்பும் முறையே ஏற்றது. புனைபெயர்களே மிகுந்த சிறிய கவிதைத் தொகுப்பை வீட்டில் வைத்திருப்பவர் அச்சிட்டபடியே விடலாம்.